இடக்கைக்காரன் நின்ற இடம்

ராஜபாளையம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள அனஸ்,

இங்கே நானும் பிரிஸ்கில்லாவும் பாப்பாவும் நலம். உன் நலத்தை நேற்று செல்போனில் பார்த்தோம். ஜெயித்தவன் முகம் மாதிரியே இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு வரிக்கு மேல் படிக்க மாட்டாய் என்பதால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். பாங்காக் சாப்பாட்டைப் பற்றிப் பிறகு கேட்கிறேன்.

மேட்ச் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வீட்டுக்கே போயிருந்தோம். மடவார் வளாகம் தாண்டுவதற்குள் உன் உம்மா தடவை மேல் தடவை போன் செய்துவிட்டார். ஆட்டம் முழுக்க உன் புது ஜோடி நவநீதகிருஷ்ணனுக்குத்தான் திட்டு. "ஏலே ஜோயலு, அந்தப் பய எம்புட்டு தடவ எம்புள்ளைய இடிக்கான் பாரு" என்று ஒரே புலம்பல். டேபிள் டென்னிஸ் டபுள்ஸில் மாறி மாறித்தான் அடிக்க வேண்டும், அடித்தவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று விளக்கிப் பார்த்தேன். "எம்புள்ள ஏன் வெலகணும்?" என்றார். அந்தப் பையன் நன்றாகத்தான் ஆடுகிறான் என்று சொன்னதற்கு எனக்கும் திட்டு, பிறகு நெய்ச்சோறு.

இவனோடு இனி ஆட மாட்டேன், தோள் சரியானதும் ஜோயல் வந்துவிடுவான் என்று நீ போனில் சொன்னதாக உம்மா இன்று காலையில் சொன்னார். நாளைக்குக் காலிறுதியை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

ஆட்டத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இடிப்பது அவன் இல்லை, நீதான். அடித்ததும் இடப்பக்கமே ஒதுங்கி நிற்கிறாய். நான் இடக்கைக்காரன், வலப்பக்கமிருந்து வருவேன். அதனால் நமக்கு அது சரியாக இருந்தது. அவன் உன்னைப் போல வலக்கைக்காரன். நீ நிற்கிற இடத்துக்குத்தான் அவன் வந்தாக வேண்டும். நீ அங்கே மரம் மாதிரி நின்றால் அவன் எங்கே போவான்? அதற்கும் அவன்தான் உன்னிடம் சாரி கேட்கிறான், பாவம். அடித்ததும் பின்னால் இறங்கி அவன் முதுகுப் பக்கமாகச் சுற்றி வா.

தோளைப் பற்றி டாக்டர் இந்த வாரம் முடிவாகச் சொல்லிவிட்டார். சோறு அள்ளலாம், பிள்ளையைத் தூக்கலாம், பேட் மட்டும் பிடிக்கக் கூடாது. அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். பிரிஸ்கில்லா பாப்பாவை அந்தக் கையிலேயே கொடுத்தாள். இப்போது பகலில் சத்திரப்பட்டிக்குப் போய் அப்பாவின் பேண்டேஜ் துணித் தறிகளைப் பார்க்கிறேன். சாயங்காலம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறேன். அவளும் இடக்கையால்தான் என் மூக்கைப் பிடிக்கிறாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் அனஸ், நம்பு.

நவநீதகிருஷ்ணனை இன்றைக்கே சாப்பிடக் கூப்பிடு. நீதான் முதலில் பேச வேண்டும். நாளை உன் உம்மா துஆ கேட்பார், பிரிஸ்கில்லா ஜெபம் பண்ணுவாள். நான் கேட்பது ஒன்றுதான். இனி எனக்கு வழி விட்டு ஒதுங்காதே. நான் அங்கே வர மாட்டேன்டா. அவன் வருவான், அவனுக்கு வழி விடு.

என்றும் உன்,
ஜோயல்