மருதாயி வரப்பு வெட்டிவேர்

குடுமியான்மலை தபால்,
புதுக்கோட்டை சமஸ்தானம்.
தாது வருஷம் தை மாதம் 12ஆம் தேதி (1937)

என் அருமை மருமகள் செவந்திக்கு, தாய்மாமன் ஆவுடையப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். நாகப்பட்டினத்தில் உன்னையும் மாப்பிள்ளை முத்துராமனையும் கப்பல் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்றைக்கே, பாத்திரம் அடிக்கிற சோலையப்பனிடம் சொன்னேன். ‘பார், இந்தப் பிள்ளை இரண்டு வருஷத்துக்குள் முழுகாமல் இருக்கிறேன் என்று எழுதும். கூடவே தூக்கம் வரவில்லை, மண்டை இடிக்கிறது என்றும் எழுதும்’ என்றேன். அப்படியே எழுதிவிட்டாய். சோலையப்பனைக் கூப்பிட்டு உன் காகிதத்தைக் காட்டினேன். அப்படி ஒன்றும் கேட்ட ஞாபகம் இல்லை என்கிறான். செம்பைத் தட்டித் தட்டி அவனுக்குக் காது போய்விட்டது.

மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். தலைச்சன் பிள்ளை ஆத்தா வீட்டில்தான் பிறக்க வேண்டும். ஆத்தா கூப்பிடாமல் எப்படி வருவது என்று கேட்டிருக்கிறாய். உன் காகிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்ட மாத்திரத்தில் கண்ணில் நீர் பொலபொலவென்று வந்துவிட்டது. மாடு அவிழ்த்துக்கொண்டதால் எழுந்து போய்விட்டாள். மற்றதைப் பிறகு பேசுவாள்.

உன் மண்டையிடிக்கு மருந்து என் கையில் இருக்கிறது. வெட்டிவேர்த் தைலம். வேரைப் பானைத் தண்ணீரில் போடுவது எல்லா வீட்டிலும் செய்வது. அதைத் தைலமாக வடிக்கிற வித்தை இந்தச் சமஸ்தானத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் காலமாகிவிட்டார். வடித்து அனுப்புகிறேன். பொறுத்திரு.

உன் அத்தான் மலையாண்டி சுகம். அவனைக் கட்டாமல் போனேனே என்று நீ ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு வரி எழுதுவதை விட்டுவிடு. என் வீட்டுக்கு வந்தாலும் நீ மருமகள், வராவிட்டாலும் நீ மருமகள்.

இப்படிக்கு,
மாமன் ஆவுடையப்பன்


ஈப்போ, மலாய் நாடு.
7-2-1937

அன்புள்ள மாமாவுக்கு, செவந்தி வணக்கம். நாங்கள் இருவரும் சுகம்.

மாமா, ஆத்தா கண்ணில் நீர் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆத்தா அழுது நான் பார்த்ததே இல்லை. மாடு அவிழ்த்துக்கொண்டது மட்டும் உண்மையாக இருக்கும்.

மலையாண்டி அத்தானைக் கட்ட மாட்டேன் என்று நான் சொன்ன அன்று, ‘எந்தம்பிக்குக் குடுத்த வாக்கைப் பொய்யாக்கிட்ட, இனிமே என் வாசல மிதிக்காத’ என்று ஆத்தா சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. கல்யாணத்துக்கும் வரவில்லை, கப்பலடிக்கும் வரவில்லை. மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் பதில் உங்களிடமிருந்துதான் வந்தது.

இங்கே எங்கள் கடைக்கு வருகிற நம் ஊர்ப் பெண்கள், ‘எப்ப ஒங்கம்மா கூப்புடுறாங்க?’ என்று கேட்கிறார்கள். சித்திரையில் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு மாதம் தாண்டினால் கப்பலில் ஏற்ற மாட்டார்களாம். சித்திரைக்குள் கூப்பிடாவிட்டால் இங்கேதான் பெற வேண்டும். பெற்றுக்கொள்வேன். ஆனால் ஆத்தா கூப்பிடவில்லை என்பது எனக்குப் பிள்ளை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தெரியும்.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் மாமா. ஆத்தா என்ன சொன்னது?

தங்கள்,
செவந்தி


குடுமியான்மலை தபால்.
மாசி மாதம் 12ஆம் தேதி

அருமை மருமகளுக்கு ஆசீர்வாதம். இதைக் கொண்டுவருகிற வீரய்யா ஈப்போவில் உங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வேலைக்குப் போகிறான். அவனிடம் துணியில் சுற்றிய சீசா ஒன்று இருக்கும். கட்டைவிரல் உயரம்தான். அலட்சியமாகப் பார்க்காதே. அதற்குள் இருப்பது இரண்டு மூட்டை வேர்.

வடித்த கதையைக் கேள். சோலையப்பனிடம் பெரிய செப்புப் பானை வாங்கி, வேரை நறுக்கி ஊறப்போட்டு, வாயைக் களிமண் சீலை கட்டி அடைத்து, மூங்கில் குழாயில் ஆவியை இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் உட்கார வைத்த குடத்தில் பிடித்தேன். காலையில் அடுப்பு மூட்டினேன், மத்தியானம் குடம் நிறைந்தது. நல்லெண்ணெய் மாதிரி மேலே மிதக்கும் என்று பார்த்தால் ஒன்றையும் காணோம். வெறும் தண்ணீர். சோலையப்பன் பானை சரியில்லை என்று திட்டிவிட்டு, குடத்தை எருமைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

சோலையப்பன் வந்து தொட்டியை மோந்து பார்த்தான். ‘ஏம்ப்பா ஆவுடையப்பா, இது மேல மெதக்குற எண்ணெய்யா? கனத்த எண்ணெய், அடியில போயிக் கெடக்கும். அதுவும் மொத நாளு பாதிகூட வராது. ரெண்டு நாளு எரிச்சாத்தான் வேரு மனசு வச்சு விடும்’ என்றான். எனக்கு இது முன்பே தெரியும், பானையைச் சோதித்துப் பார்த்தேன் என்று சொன்னேன். அந்தத் தண்ணீரைக் குடித்த எருமை மறுநாள் உச்சிப்பொழுது வரை அசையாமல் தூங்கியது. இது ஒன்றே தைலத்தின் மகிமைக்குச் சாட்சி.

இரண்டாம் தடவை இரண்டு நாளும் அடுப்பை அணைய விடவில்லை. கையில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். தேன் மாதிரி, பழுப்பாக, சொட்டுச் சொட்டாக அடியில் இறங்கியது. ஒரு சொட்டைத் துணியில் வைத்ததும் நாலு ஊருக்கு மணந்தது. புதுக்கோட்டை சர்க்கார் கச்சேரியில் கோடைக்கு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்களே, அந்த வாசனையை நூறு மடங்காக்கிக்கொள்.

உபயோகிக்கிற விதம்: படுக்கும்போது தலையணை உறையில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டியில் இன்னொரு சொட்டு விட்டு, இரண்டு நெற்றிப்பொட்டிலும் உள்ளங்காலிலும் தேய்த்துக்கொள். சூடு தணியும், மனசு அடங்கும். உள்ளுக்குக் குடிக்காதே. நீ எருமை இல்லை.

இப்போது முக்கியமான சங்கதி. இது கடையில் வாங்கின வேர் இல்லை. உன் ஆத்தாவின் ஆற்றோரத்து வயல் வரப்பு வேர். நீ உள்ளதைக் கேட்டாய், சொல்கிறேன். ‘எம்மகளுக்குத் தூக்கமில்லையா’ என்று கேட்டாள். மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய், எட்டு முழம் வரப்பைத் தன் கையால் வெட்டி, வேரை அலசி என் முன்னால் போட்டாள். நான் அசந்து போய் நின்றேன்.

இப்படிக்கு,
மாமன் ஆவுடையப்பன்


ஈப்போ.
21-3-1937

அன்புள்ள மாமாவுக்கு, சீசா பத்திரமாக வந்தது. மூடியைத் திறந்ததும் மழை விட்ட பிறகு நம் ஆற்றங்கரை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது இந்த வீடு. உங்கள் மாப்பிள்ளை, ‘ஒங்க மாமா வாய் மட்டுந்தான் பெருசுன்னு நெனச்சேன்’ என்கிறார். நீங்கள் சொன்னபடி பொட்டில் தேய்த்துப் படுத்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு விடிந்தது தெரியாமல் தூங்கினேன். பக்கத்து வீட்டு அழகி, தன் மாமியாரின் தலைவலிக்கு ஒரு சொட்டு கேட்டு வாங்கிப் போனாள். மறுநாள் மாமியாரே வந்து இன்னொரு சொட்டு கேட்டார்.

மாமா, இதற்குக் கீழே உள்ளதை ஆத்தாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள். கூட்டாமல் குறைக்காமல்.

ஆத்தா, எனக்கு எட்டு வயதில், பானையில் போட அந்த வரப்பில் ஒரு பிடி வேர் பிடுங்கினேன். நீ புளிய விளாறால் அடித்தாய். ‘இந்த வேருதான்டி நம்ம மண்ண ஆறு கொண்டு போகாமப் புடிச்சு வச்சிருக்கு’ என்றாய். அந்த வரப்பை எனக்காக எட்டு முழம் வெட்டினாயாமே. நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் எனக்கு இது போதும். இனி நான் நிம்மதியாக இங்கேயே பெற்றுக்கொள்வேன். மழைக்கு முன்னால் வரப்புக்கு மண் அணைத்துவிடு.

உன் மகள்,
செவந்தி


குடுமியான்மலை தபால்.
பங்குனி மாதம் 23ஆம் தேதி

அருமை மருமகள் செவந்திக்கு ஆசீர்வாதம்.

சித்திரை முடிவதற்குள் கப்பல் ஏறு. உன் ஆத்தா கூப்பிடுகிறாள். இது அவள் சொல்லி நான் எழுதுவது. அடையாளத்துக்கு அவள் கைநாட்டு கீழே இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கு அவளும் வருகிறாள். நானும் வரலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

இதுவும் நான் முன்பே சொன்னதுதான் என்று எழுத ஆரம்பித்தேன். இல்லை, இதை நான் எதிர்பார்க்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் காகிதம் வந்த அன்று அக்கா புளி உடைத்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியாத ஒன்று: பத்து வருஷமாக அவளுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் நான் என் சரக்கைக் கொஞ்சம் சேர்த்துத்தான் வாசிப்பேன். அன்றைக்கும் அந்த வரப்புச் சங்கதியைத் தாண்டி வாசித்திருக்கலாம். அவளுக்கா தெரியப்போகிறது? ஆனால் நீ எட்டு வயதில் வாங்கிய அடியை மாற்றி வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. உள்ளபடியே வாசித்தேன்.

புளியைக் கீழே வைத்தாள். ‘இன்னொரு வாட்டி வாசி’ என்றாள். வாசித்தேன்.

‘அப்ப எம் வரப்ப வெட்டுன களவாணி நீதானா?’ என்றாள்.

ஆமாம் மருமகளே. அவள் கன்றுக்குட்டி பார்க்கப் பொன்னமராவதிச் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்து வெட்டியது நான். கடை வேர் கால் தூசி பெறாது, அந்த வரப்பு வேருக்குத்தான் அத்தனை வாசனை. வெட்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடி வைத்தேன். அன்று சாயந்தரமே கண்டுபிடித்துவிட்டாள். பன்றி வேலையாக இருக்கும் என்றேன். ‘பன்னி மம்பட்டி வச்சுருக்குமாடா?’ என்று கேட்டாள். அதோடு ஒரு மாதமாக ஊரில் ஒவ்வொருவர் மம்பட்டியாகப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

நன்றாக ஏசப்போகிறாள் என்று நின்றேன். அவள் என் கையைப் பிடித்து, அந்தச் சுட்ட தழும்பைத் திருப்பிப் பார்த்தாள்.

‘ஓம் மகன வேணாம்னு போனவளுக்காடா இத்தன பாடு பட்ட?’

‘ஆமாக்கா.’

‘அப்ப ஒனக்கு நெசமாவே வருத்தமில்லையா?’

‘இல்லக்கா. ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்.’

‘நீ சொன்னா யாருடா நம்புவா? நீ என்னைக்கு நெசம் பேசியிருக்க?’ என்றாள். என் கையை விட்டாள். ‘ஒனக்கே இல்லாத வருத்தத்துக்கு நான் எதுக்குடா வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன்? அங்கிட்டு எம்புள்ள தூங்காமக் கெடந்திருக்கு’ என்றாள்.

நான் சொன்ன அத்தனை கதைக்கும் எனக்கு வந்த வினை இது ஒன்றுதான். உன் ஆத்தா உன் மேல் கோபப்பட்டது எனக்காக. எனக்குக் கோபம் இல்லை என்று நான் சொன்னதை, சொன்னவன் நான் என்பதால் அவள் நம்பவில்லை. இல்லாவிட்டால் நீ கப்பல் ஏறிய அன்றே அவள் கப்பலடிக்கு வந்திருப்பாள்.

மறுநாள் விடிந்ததும் மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போனாள். மிச்சம் இருந்த வரப்பிலிருந்து நாலு முழம் வெட்டினாள். வேரை நறுக்கிக்கொண்டு, தூர்களைத் திரும்ப நட்டு, மண் அணைத்துத் தண்ணீரும் விட்டாள். எனக்கு இது தோன்றவில்லை. நான் தூர்களை எருமைக்குப் போட்டுவிட்டேன். சோலையப்பன் பானையைக் கேட்டு வாங்கி, இரண்டு நாளும் அவளே அடுப்படியில் உட்கார்ந்தாள். என்னை விறகு ஒடிக்க மட்டும் விட்டாள். சீசா தயாராக இருக்கிறது. நீ வந்ததும் உன் உள்ளங்காலில் அவளே தேய்ப்பாளாம்.

‘வெட்டுனது நாந்தான்னே அவ நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். நீ ஒண்ணும் எழுதித் தொலைக்காத’ என்று எனக்கு உத்தரவு. இரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை. மருமகளே, செய்யாத ஆயிரத்தைச் செய்ததாக ஊர் முழுக்கச் சொன்னவன் நான். செய்த ஒன்றை மட்டும் இன்னொருவர் பேரில் எழுதிவிட்டு எத்தனை நாள் பொறுப்பது?

நான் அனுப்பிய சீசாவையும் கொண்டுவந்து, இரண்டையும் மோந்து பார். ஆத்தா முன்னால் அவள் வடித்ததுதான் உசத்தி என்று சொல்லிவிடு. என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தாய்மாமன் ஆவுடையப்பன்
மருதாயி கைநாட்டு

பின்குறிப்பு: மாசி மாதக் காகிதத்தில், ஆத்தா தன் கையால் வரப்பை வெட்டி என் முன்னால் போட்டாள் என்று எழுதினேனே, அது மட்டும் நானாகக் கட்டியது. எருமை தூங்கியது சத்தியம்.