டாலியாவிடம் தோற்றவனின் முகமூடி

அன்பு மகன் நிகானோருக்கு அப்பா எழுதுவது. புவேப்லாவில் நாங்கள் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மேட்ச்சுக்குப் போன ஜப்பானில் எலும்பு எதுவும் முறியாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். உனக்கு இங்கே ஓர் அநியாயம் செய்துவிட்டார்கள். போன வருடம் நீ டாலியா என்ற பெயரில் மேடை ஏறி மல்யுத்தத்தில் ஜெயித்த முகமூடி நம் வீட்டில் டிவிக்கு மேலே தொங்குகிறது, அதே மஞ்சள் துணியில் புதிதாக ஒன்று தைத்து மாட்டிக்கொண்டு அதை உன்னிடம் தோற்ற அந்தக் கந்தகன் வேஷக்காரன் ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினான். அரங்கு நடத்தும் எரிபெர்த்தோ மைக்கைப் பிடித்து, இவர் முகத்தை இதுவரை எவனும் பார்த்ததில்லை என்று அறிவித்தான்.

எவனும் பார்த்ததில்லையாம். நீ அவன் தோள் இரண்டையும் தரையில் அழுத்த, நடுவர் மூன்று எண்ணியதும், மண்டியிட்டு முகமூடி நாடாவை அவிழ்த்து, பெயர் ஃபிதென்சியோ பர்ராலெஸ், ஊர் அத்லிஸ்கோ என்று ஊரே பார்க்க மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னவன்தானே அவன். பந்தயத்தில் முகமூடியைத் தோற்றவன் செத்தாலும் அதை மறுபடி போடக் கூடாது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி மேட்ச்சில் முடியைப் பந்தயம் வைத்துத் தோற்பவன் தலையை வழிக்க நான் நாற்காலியோடு காத்திருந்தேன், மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். தோற்ற தடியன் முடியும் போகாமல் மேடையில் விழித்துக்கொண்டு நின்றானாம்.

மறுநாள் எரிபெர்த்தோ சலூனுக்கு வந்தான், நான் உட்காரச் சொல்லவில்லை. "மாஸ்டர், உங்க பையன் இறகு கட்டிக்கிட்டு, எதிராளிக்கு முத்தம் குடுத்து, ஜனங்களச் சிரிக்க வைக்கிறவன். ஆம்பளைங்க பந்தயத்துல அதயெல்லாம் கணக்குல சேப்பாங்களா?" என்றான். அரங்கு வாசலில் ரொட்டி விற்கும் சோனா தலையில் நுரையோடு உட்கார்ந்திருந்தாள். "கணக்குல இல்லன்னா, டாலியா தோத்தப்பல்லாம் வழிச்ச முடிய ஒட்டவெச்சுக் குடுத்துட்டுப் போங்க ஐயா" என்றாள். அவன் தொப்பியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டான்.

நான்கு தடவை நீ தோற்றாய், நான்கு தடவையும் நானே வழித்தேன், ஒரு நாளாவது நாற்காலியில் உட்கார மறுத்தாயா? நீ ஆண்களை விரும்புகிறவன் என்பதைப் பத்தொன்பது வயதிலேயே மேடையில் சொல்லிவிட்டு வெறும் முகத்தோடு நின்றவன். உன் இறகுகள் எனக்குப் பிடிக்காது, வீடெல்லாம் பறக்கின்றன, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஆம்பளை என்று நெஞ்சைத் தட்டுகிற அந்தப் பயலுக்கு ஒரு முழம் துணி இல்லாமல் வெளியே வர முடியவில்லை. எரிபெர்த்தோவைப் பகைத்துக்கொண்டால் இனி உனக்கு இங்கே மேட்ச் தர மாட்டார்கள் என்று அம்மா பயப்படுகிறாள். இத்தனை வருட உழைப்பில் நீ எடுத்த முகமூடி அது ஒன்றுதான், அதையும் இல்லை என்று ஆக்கிவிட்டால் அப்புறம் நீ அவர்களுக்கு வெறும் வேடிக்கை. அப்படிப்பட்ட மேட்ச் எதற்கு?

ஆகவே எரிபெர்த்தோ அதே மைக்கில் உன் வெற்றியையும் ஃபிதென்சியோவின் பெயரையும் சொல்ல வேண்டும். ஃபிதென்சியோ வெறும் முகத்தோடு வர வேண்டும், இல்லையென்றால் வீட்டில் கிடக்க வேண்டும். அதுவரை அந்த அரங்கில் நான் ஒரு தலையையும் தொட மாட்டேன், பக்கத்து ஊர் சோலூலா சலூன்காரனும் வர மாட்டான், பேசிவிட்டேன். அம்மா நம் வீட்டு முகமூடியைத் துவைக்கக் கூடாது, அவன் வியர்வை அதிலேயே இருக்கட்டும். உன்னோடு இருக்கும் எலோய் தினமும் உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டும், நான் சொன்னதாகச் சொல். மறுபடி மோதலாம் என்று உன்னைக் கூப்பிடுவார்கள், நீ சம்மதிக்கக் கூடாது, ஜெயித்ததை எதற்கு இன்னொரு தடவை ஜெயிக்க வேண்டும்? குவாதலூப்பே அன்னை உன் கழுத்தெலும்பைக் காக்கட்டும். முடியை நன்றாக வளர்த்துக்கொண்டு வா, வேறு எவனிடமாவது நேர்மையாகத் தோற்றால் வழிக்க நான் இருக்கிறேன்.

உன் அப்பா,
எவாரிஸ்தோ