அறுபது நிறைந்தவர்கள் நேரில் வரவும்

மார்ச் 3, செவ்வாய்

ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கிற வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து தருகிறேன் என்றாள் மகள். அதுவரை யார் காத்திருப்பது? உலர்த்தும் இயந்திரத்தில் போர்வைகள் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், சலவைக்கடைக் கணினி முன்னால் உட்கார்ந்து நானே முடித்துவிட்டேன். கடை போனுக்கு வந்த ரகசிய எண்ணைப் போட்டதும் திறந்துகொண்டது. பார்வையில் மாற்றம் உண்டா? இல்லை. பழைய புகைப்படமே போதுமா? போதும். ‘நீங்கள் இணையம் வழியே புதுப்பிக்கத் தகுதியுள்ளவர்’ என்று பச்சை எழுத்தில் வந்தது. தகுதி இல்லாமல் என்ன? இத்தனை வருடத்தில் வேனில் ஒரு கீறல் உண்டா?

இஸ்திரி மேஜையிலிருந்து இவர், “எல்லாத்தையும் படிச்சுப் பாத்தியா?” என்றார். படிக்க வேண்டியதைப் படித்தேன். மற்றதெல்லாம் பொடி எழுத்து.

மார்ச் 6, வெள்ளி

மருத்துவமனைக்குப் போர்வைகள், விடுதிக்குத் துண்டுகள். போகும்போது தூறல். மருந்துக்கடைத் திருப்பத்தைக் கடக்கும்போதெல்லாம் இவரை நினைத்துக்கொள்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் மழையில் வேன் வழுக்கி அந்தக் கடையின் ஷட்டரில் போய் இடித்தது. பக்கத்தில் நான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தகரம்தான் நசுங்கியது. அன்றைக்குச் சாவியை மேஜைமேல் வைத்தவர்தான், அப்புறம் தொடவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதவர்கள் பாக்கியில்லை. இப்போது யாராவது சிரிக்கட்டும் பார்க்கலாம்.

மார்ச் 12, வியாழன்

தபாலில் அட்டை வந்தது. ஆசையாக உறையைப் பிரித்தால் — மீசை!

என் முகம் இல்லை. இவர் முகம்.

மார்ச் 13, வெள்ளி

மகளுக்கு போன் போட்டேன். ஒரு நிமிடம் சிரித்துவிட்டுத்தான் பேசினாள். “அம்மா, கடை போன் நம்பர்ல இருக்கறது அப்பா கணக்கு. நான்தானே அப்போ போட்டுக் குடுத்தேன். மேல பேரு இருக்குமே, பாக்கலையா?” பார்க்கவில்லை. நான் செய்கிற வேலையில் என் பெயர்தான் இருக்கும் என்று எப்போதும் எனக்கொரு நினைப்பு.

இவருடைய உரிமம் போன ஜூனிலேயே காலாவதி. “எனக்கெதுக்கு?” என்று விட்டுவிட்டார். ஒரு வருடத்துக்குள் என்றால் இணையத்திலேயே புதுப்பிக்கலாமாம். வண்டியே தொடாத மனுஷனுக்குத் தகுதி இருக்கிறது!

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முடியெல்லாம் கறுப்பா இருக்கே” என்றார். திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இஸ்திரிக்குப் போய்விட்டார்.

மார்ச் 14, சனி

இந்த முறை என் பெயரில், கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல். சிவப்பில் வந்தது: அறுபது வயது நிறைந்தவர்கள் இணையத்தில் புதுப்பிக்க முடியாது, கண் பரிசோதனைச் சான்றிதழுடன் நேரில் வரவும்.

எனக்கு அறுபது நிறைந்து ஒரு மாதம் ஆகிறது. இவருக்கு இன்னும் நிறையவில்லை. என்னைவிட ஒன்றே முக்கால் வயது இளையவர். இதை நாங்கள் வெளியே சொல்வதில்லை. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

சரி, கண் டாக்டரிடம் போனால் ஆயிற்று. உரிமம் இந்த மாதக் கடைசி வரை இருக்கிறது. சுண்டு விரல் வேலை.

மார்ச் 20, வெள்ளி

வலது கண்ணை மூடச் சொன்னார் டாக்டர். எதிரே பலகை இருந்த இடத்தில் பலகையே இல்லை. வெறும் பால் மாதிரி. லைட்டைப் போடுங்க டாக்டர்னு சொன்னேன். போட்டுத்தாம்மா இருக்குங்கறார்.

கண்புரை. ரொம்ப நாளா இருக்காம். எனக்குத் தெரியலையே! ஒரு கண்ணை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் ஓட்டினேன்? ஆபரேஷன் பண்ணாம சான்றிதழ் இல்லையாம். அதுக்கு ஏப்ரல் கடைசியிலதான் இடம் இருக்கு. அதுக்கப்புறம் கண்ணு ஆறணும். அதுவரைக்கும் ஸ்டீயரிங் தொடக்கூடாது, இன்னைலேர்ந்தே.

வெளியே வந்து வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். வேனை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். பயமாக இருக்கிறது. மருத்துவமனை வேலைதான் எங்கள் கடை. அது போனால் இயந்திரம் இரண்டும் சும்மா நிற்கும்.

மார்ச் 23, திங்கள்

கூலிக்கு ஒரு டிரைவர் கிடைத்தார். வேனை எடுத்துவந்தார். நன்றாக ஓட்டுகிறார். பாட்டும் பாடுகிறார்.

ஏப்ரல் 9, வியாழன்

பாட்டுப் பாடிய லட்சணம்! மருத்துவமனையில் அழுக்கு மூட்டைகளை ஏற்றி, இறக்காமல் விட்ட வெளுத்த போர்வைகளின் மேலேயே போட்டிருக்கிறார். எங்கள் வேனில் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, முன்பக்கம் வெளுத்தது, பின்பக்கம் அழுக்கு. முதல் நாளே சொல்லியிருந்தேன். மூட்டைதானேம்மா என்கிறார்.

தலைமை நர்ஸ் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிட்டார். போனில் குரல் உயரவில்லை, அதுதான் பயமுறுத்தியது. “இன்னொரு தடவை இப்படியோ, லேட்டாவோ வந்தா நாங்க வேற எடம் பாத்துக்குவோம்மா. ஆபரேஷன் நடக்கற எடம் இது.”

நியாயம்தான். என்ன சொல்ல முடியும்? எல்லாவற்றையும் மறுபடி வெளுத்தோம். இவர் இஸ்திரி வழக்கத்தைவிட அழுத்தமாக ஓடியது.

ஏப்ரல் 10, வெள்ளி

இனி நானும் டிரைவருடன் போவேன். ஓட்டத்தானே கூடாது? ஏற்றி இறக்குவதைப் பார்க்க ஒரு கண் போதும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

விடியும்போதே மழை கொட்டியது. டிரைவர் வரவில்லை. போன் அணைந்திருந்தது. போர்வைகள் கட்டித் தயாராக இருந்தன. மருத்துவமனையில் காலையில் படுக்கை மாற்றுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தேன். எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன்? வலது கண்ணில் எல்லாம் தெரிகிறதே, இந்த ஒரு நாள், பழகின ரோடு — கை நீட்டிவிட்டேன். அதற்குள் இவர் எடுத்துவிட்டார்.

“ஏறு” என்றார்.

“என்னங்க, மழையில...”

“மழைன்னு தெரியுது. ஏறு.”

ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளப் பார்த்தார், அசையவில்லை. என் காலுக்கு ஏற்ற மாதிரி முன்னால் இழுத்தது, துருப்பிடித்து அப்படியே நின்றுவிட்டது. முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்ட, மடங்கி உட்கார்ந்து ஓட்டினார். மாட்டுவண்டி வேகம். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வாய் துறுதுறுவென்றது. கியரை மாத்துங்க, வைப்பரைப் போடுங்க என்று எத்தனையோ வந்தது. வாயைப் பூட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம் அது.

மருந்துக்கடைத் திருப்பத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினார். நான் ஷட்டர் பக்கம் பார்க்கவில்லை, முன் கண்ணாடியில் ஓடிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்கு உனக்கு ஏதாவது ஆயிருந்தா?” என்றார்.

ஆறு வருடமாக ஷட்டருக்காகத்தான் வருத்தப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு முட்டாள் நான்!

“ஆகலையே. பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்” என்றேன்.

கியரைப் போட்டார். திரும்பினோம். மருத்துவமனை வாசலில் தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், “சரி, உள்ள வைங்க” என்றார். தாமதம்தான், கொஞ்சம்.

ஏப்ரல் 22, புதன்

டிரைவர் வந்தார். கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டோம். இவர்தான் அனுப்பினார்.

ஏப்ரல் 30, வியாழன்

நேற்று ஆபரேஷன். எழுதக் கூடாது என்றார்கள். ஒரே வரிதான் எழுதுகிறேன்.

மே 8, வெள்ளி

நாங்கள் வெளுத்த போர்வைகள் இவ்வளவு வெள்ளையா! பெருமையாக இருக்கிறது. இவர் தலையும் அதே வெள்ளை. அட்டையில் இருக்கிற கறுப்பு முடிக்காரர் யார் என்று கேட்டேன். “உன்னவிட சின்னப் பையன்” என்றார். கொழுப்பைப் பாருங்கள்.

ஜூன் 10, புதன்

சான்றிதழோடு நேரில் போனேன். பலகையின் கடைசி வரி வரை படித்துக் காட்டினேன். போதும்மா என்றார்கள், நான் நிறுத்தவில்லை.

ஜூன் 18, வியாழன்

என் அட்டை வந்தது. இந்த முறை மீசை இல்லை.

காலையில் இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “நீ ஓட்டறியா, நான் ஓட்டட்டுமா?” என்றார். போகும்போது நீங்க, வரும்போது நான் என்று முடிவாயிற்று. இருக்கைக் கம்பியைச் சுத்தியலால் தட்டி எப்போதோ சரிசெய்து வைத்திருக்கிறார். அவர் பின்னால் தள்ளுகிறார், நான் முன்னால் இழுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிரீச்சென்கிறது. நாளைக்கு எண்ணெய் போட வேண்டும்.