நீங்கள் வாய் திறக்காத ஊர்

என்றைக்கும் என் அன்புக்குரிய இஞ்சாருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. உயிரோடு இருந்தபோது கூப்பிடாதவள் இப்போது கூப்பிட்டால் நீங்களே பயந்துபோவீர்கள். அதனால் எப்போதும் போலவே தொடங்குகிறேன். காதைக் கொடுத்துக் கேளுங்கள். இந்த முறை எழும்பிக் கிணற்றடிக்குப் போக உங்களுக்கு வழியில்லை.

உங்கள் மூன்றாவது ஆண்டுத் திவசம் போன கிழமை முடிந்தது. அதற்கென்று மகள் சாந்தி லண்டனிலிருந்து லீவு எடுத்து வந்து நிற்கிறாள். திவசத்தன்று மரக்கறிதான். மறுநாள் உங்களுக்குப் பிடித்த சுறாப் புட்டு அவித்து மதிலில் வைத்தேன். காகங்கள் கூட்டமாக வந்தன. ஒன்று மட்டும் அவசர அவசரமாக இரண்டு வாய் கொத்திவிட்டுத் துறைமுகப் பக்கம் பறந்தது. அதுதான் அப்பா என்று சாந்தி சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் பட்டது, ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மற்றபடி ஊர் இருந்தபடி இருக்கிறது. சீனக்குடாப் பக்கம் புதிதாக வந்திருக்கிற கோதுமை மா ஆலை இரவெல்லாம் கப்பல் மாதிரி வெளிச்சம் போட்டுக்கொண்டு நிற்கிறது. மண்ணெண்ணெய்க்கு மட்டும் முன்னைப் போலவே வரிசை.

விஷயத்துக்கு வருகிறேன். சாந்தி திரும்பும்போது என்னையும் லண்டனுக்குக் கூட்டிப்போகப் போகிறாளாம். அங்கே கோடை நேரத்தில் அவளுக்கு வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் லீவு கிடைக்கும். அந்த லீவுக்கு இத்தாலி போவோம் என்கிறாள். நிறப்படம் போட்ட ஒரு புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த ஊர் எண்டு நீங்கள் சொல்லுங்கோ அம்மா. அப்பா ஒவ்வொரு ஊராக் கதை சொல்லுவார்தானே. அதிலை ஒண்டைச் சொன்னால் நான் டிக்கற்றுக்கு எழுதிப் போடுவன்."

எனக்கு முதல் வந்தது சந்தேகம்தான். கலியாணம், செத்தவீடு, திருவிழா, இந்த மூன்றும் இல்லாமல் ஓர் ஊருக்கு எங்கள் வீட்டில் யார் போனது? வயது போனவளை அவ்வளவு தூரம் இழுத்துப் போய் இவள் எதைக் காட்டப் போகிறாள்?

"அங்கை ஆரும் பெடியன் நிக்கிறானோ? உண்மையைச் சொல்லு" என்றேன்.

"ஐயோ அம்மா! வெறும் லீவு. சும்மா நடந்து திரிஞ்சு, சாப்பிட்டிட்டு வாறது."

"சும்மா நடக்கிறதுக்குக் கடற்கரை இஞ்சை கிடக்குதே."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். வெனிஸ் வந்தது. தெருவெல்லாம் தண்ணீர். உங்கள் வாயால் எத்தனை தரம் கேட்ட ஊர்! ஆனால் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு யோசனை வந்தது. படத்தில் நின்ற அந்தப் பெரிய கோயிலைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லையே. தோணியில் கத்தரிக்காய் வந்து இறங்குவது தெரியும், அது எங்கள் கத்தரிக்காயை விடக் கறுப்பு என்பது தெரியும், வெங்காயத்தைப் பின்னிக் கட்டித் தூக்குவது தெரியும். நேப்பிள்ஸ் என்றால் தக்காளியும் நெத்தலியும். அங்கே எரிமலை இருக்கிறதாம், சாந்தி காட்டினாள். நீங்கள் எரிமலையைப் பார்க்காமல் நெத்தலியையா பார்த்தீர்கள்?

கொண்டு வந்த சாமான்களும் அப்படித்தான். நேப்பிள்ஸிலிருந்து தகரத்தில் அடைத்த தக்காளி ரின். வெனிஸிலிருந்து ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெய். அதை நான் தலையில் பூசிக்கொண்டு படுத்து எறும்பு மொய்த்தது நினைவிருக்கிறதா? கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற மனிதன் ஊர் ஊராகச் சந்தைக்குள் மட்டும் ஏன் நுழைந்தான் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

சாந்தி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஜெனோவா.

நீங்கள் அதைச் செனோவா என்பீர்கள். சொன்னதே ஒன்றிரண்டு தரம்தான். உங்கள் கப்பலைப் பழுதுபார்க்க அங்கே மாதக்கணக்கில் கட்டி வைத்திருந்தார்கள். வேறெந்த ஊரிலும் நீங்கள் அவ்வளவு காலம் நிற்கவில்லை. அப்படி நின்ற ஊரைப் பற்றிக் கேட்டால் "அது ஒரு துறைமுகம், வேறை என்ன" என்று எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவீர்கள். அங்கிருந்து வந்தபோது கையிலும் ஒன்றுமில்லை. ஒரு போத்தல்கூட இல்லை. கதை சொல்லாமல் ஒரு நேரம் சோறு இறங்காத மனிதனுக்கு ஒரே ஓர் ஊரில் மட்டும் வாய் கட்டிப்போனால் வீட்டில் இருக்கிறவள் என்ன நினைப்பாள்? அங்கே உங்களுக்கு ஒருத்தி இருந்தாள் என்று நான் நினைத்தேன். வருடக்கணக்காக நினைத்தேன். உங்களுக்குச் சோறு போடும்போதும் நினைத்தேன்.

"வெனிஸுக்குப் போவம் அம்மா" என்றாள் சாந்தி. "எல்லாரும் அங்கைதான் போறவை."

"பொறு, மூதூருக்குப் போட்டு வந்து சொல்லுறன்."

"இத்தாலிக்குப் போறதுக்கு மூதூரிலை என்ன?"

அவளுக்கு என்ன தெரியும்? மூதூரில்தான் உங்கள் கப்பலில் சமையல் செய்த மீராலெப்பை காக்கா இருக்கிறார், எனக்கு அண்ணன் மாதிரி. இவ்வளவு காலமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். ஆனால் இனி எத்தனை வருடம்? கூட வாழ்ந்தவர் யார் என்று தெரியாமல் நான் கண்ணை மூடக்கூடாது. உண்மை என்றால் உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைப்பது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் குடாவைக் கடக்கிற லாஞ்சியில் ஏறினேன்.

காக்கா வாசலில் கதிரை போட்டு இருந்தார். கண் பார்வை குறைந்துவிட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார்.

"வாங்க தங்கச்சி, இரிங்க. இந்த வெயில்ல என்னத்துக்கு வந்தீங்க? மச்சான் மவுத்தாகி மூணு வருஷமாப் போச்சி என்ன."

"ஓம் காக்கா. ஒரு கதை கேக்க வந்தனான். மறைக்காமல் சொல்லவேணும். செனோவாவிலை இவருக்கு ஆர் இருந்தது?"

அவர் கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு, "செனோவாவா? அங்க எனக்குக் கொப்புளிப்பான் தங்கச்சி" என்றார்.

பார்த்தீர்களா? நான் உங்களுக்கு இருந்தவளைக் கேட்கிறேன், இவர் தனக்கு வந்த கொப்புளிப்பான் அம்மையைச் சொல்கிறார். இரண்டு பேரும் அப்போதே பேசி வைத்துக்கொண்ட மறுமொழி என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து தேநீர் வந்தது. நான் பாதி குடித்துவிட்டு எழும்பிப் படலையடிக்குப் போய்த் துறையை எட்டிப் பார்த்தேன். லாஞ்சி நின்றது. திரும்பி வந்து இருந்தேன். அவர் கொப்புளிப்பான் கதையைத் தொடர்ந்தார், கப்பல்காரர் தன்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்களாம், உடம்பெல்லாம் கொப்புளமாம். நான் மறுபடியும் எழும்பினேன்.

"எங்க தங்கச்சி எழும்பி எழும்பி ஓடுறீங்க?"

"லாஞ்சி விட்டிட்டுப் போயிடும் காக்கா."

"அது பின்னேரம்தான் வெளிக்கிடும்."

"சொல்லேலாது. முன்னமே போயிட்டால்?"

மனிதர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "இதுதான்! மச்சானும் இப்பிடித்தான். அசல் இதே கதைதான்" என்றார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். நீங்கள் எந்தத் துறைமுகத்திலும் கரைக்கு இறங்கியதே இல்லையாம். வெனிஸிலும் இல்லை, நேப்பிள்ஸிலும் இல்லை. இறங்கினால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும் என்று பயமாம். காக்கா சமையலுக்குச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போய் வருவாராம். அவர் வரும்வரை குசினி வாசலில் காத்திருந்து, "அங்கை என்ன கண்டனீங்கள்? முழுக்கச் சொல்லுங்கோ, நான் வீட்டை போய்ச் சொல்லவேணும்" என்று பிடித்துக்கொள்வீர்களாம். எனக்கு வந்த தக்காளியும் ஒலிவ் எண்ணெயும் அவர் வாங்கியவை. செனோவாவில் கொப்புளிப்பானும் பிறகு நெஞ்சுச்சளியுமாக, கப்பல் வெளிக்கிட முதல் நாள் வரை அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கதை கொண்டுவர ஆள் இல்லை. அதனால் உங்களிடம் கதையும் இல்லை.

"அந்த ஊர்ல கப்பல கரையில ஏத்தி வச்சிருந்தாங்க, தங்கச்சி. அடியில தண்ணியே இல்ல. அது எங்க போகப்போகுது எண்டு கப்டனே கேட்டுச் சிரிச்சாராம். சொல்லேலாது ஐயா எண்டு மச்சான் சொன்னாராம். கடைசி மட்டும் எறங்கல்ல."

நானும் சிரித்துவிட்டேன். உங்களுக்கு முன்னால் சிரிக்காத சிரிப்பு. தண்ணீர் இல்லாத கப்பல் ஓடிவிடும் என்று காவல் இருந்த மனிதனையா நான் இவ்வளவு காலம் சந்தேகப்பட்டேன்?

ஆனால் காக்கா முடிக்கவில்லை. "ஒரு பொம்புள இருந்தா" என்றார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கப்பலுக்கு நேர ஒரு மாடி வீடு. அதில ஒரு யன்னல். பின்னேரமானா ஒரு பொம்புள அதில நிண்டு மீன் வெட்டிக்கிட்டு, உள்ளுக்க இருக்கிற புருஷன ஏசிக்கிட்டே இருப்பா. நான் ஆஸ்பத்திரியால வந்த அண்டைக்கி மச்சான் என்னக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாரு. பாசை விளங்கல்ல காக்கா, ஆனா எங்கட ஆள் ஏசுற மாதிரியே இரிக்கி, கேக்க நல்லா இரிக்கி எண்டாரு. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு மேல்தட்டுல வந்து நிண்டாராம். இத தங்கச்சிட்டச் சொல்லுங்களன் எண்டன். ஐயோ, ஆரவள் எண்டு தொடங்கிருவா, வேணாம் எண்டுட்டாரு."

அதற்குப் பிறகு நான் என்ன கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. லாஞ்சி வெளிக்கிட நிறைய நேரம் இருக்கும்போதே துறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். கொட்டியாரக் குடாவைப் பார்த்தபடி இருந்தபோதுதான் அந்த வெள்ளைக்காரப் பெடியனின் நினைவு வந்தது. நீங்கள் கப்பலில் ஏற முன்பு, இங்கே கடற்படைத் தளத்தில் வேலை செய்த காலம். கரைக்கு வந்த மாலுமி ஒருவன், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்குதுறையில் நின்று, தன் கப்பல் துறைமுக வாயைத் தாண்டிப் போவதைப் பார்த்து அழுதானாம். அன்று நீங்கள் சோறு சாப்பிடவில்லை. யாரோ ஒருவனுக்காக இவர் ஏன் சாப்பிடாமல் இருக்கிறார் என்று அதையும் நான் சந்தேகப்பட்டேன்.

பிறகு தளத்தை மூடிக்கொண்டு வெள்ளைக்காரன் போனான், வேலை போனது, நீங்கள் கப்பலில் ஏறினீர்கள். பயந்து பயந்து ஏறியிருக்கிறீர்கள். ஏன் ஒரு சொல் சொல்லவில்லை? நான் சிரிப்பேன் என்றா? சிரித்திருப்பேன்தான். ஆனால் பிறகு அழுதிருப்பேனே, அதைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. துறையில் இருந்து நான் அழுதேன். பக்கத்தில் மீன் கூடையோடு இருந்தவள், "என்னம்மா, ஆரும் தவறிப்போச்சினமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

உங்களை முழுக்க நம்பிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். கப்பலில் ஒன்றாகக் கிடந்தவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுப்பார்களா? ஏசுகிற சத்தம் கேட்க நல்லாயிருக்கிறது என்று எந்த ஆம்பிளை சொல்வான்? வீட்டில் நான் ஏசும்போது ஒரு நாளாவது சொன்னீர்களா? அந்த யன்னல்காரி உங்களைத் திரும்பிப் பார்த்தாளா, இல்லையா? காக்காவுக்கு அது தெரியாதாம். தெரியாதா, சொல்ல மாட்டாரா?

வீட்டுக்கு வந்ததும் சாந்தி புத்தகத்தோடு நின்றாள். "சரி அம்மா, வெனிஸோ?"

"செனோவா."

"அங்கை பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"ஒரு யன்னல்."

அவள் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தாள். உங்கள் படம் சுவரில்தான் இருக்கிறது. அலுமாரிக்குப் போகவில்லை. கண்ணாடியைத் துடைத்தும் விட்டேன்.

கரை இறங்கினால் எங்களிடம் திரும்பி வர முடியாமல் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு. எனக்கு அந்தப் பயம் இல்லை. எந்தக் கப்பல் என்னை விட்டுப் போனாலும், வீட்டு வாசலில் பார்த்துக்கொண்டு நிற்க நீங்கள் இல்லையே. அதனால் நான் இறங்குவேன்.

துறைமுகத்தடிக்குப் போய், கப்பல் பழுதுபார்க்கிற இடம் எது என்று சாந்தியைக் கொண்டு கேட்பிப்பேன். அங்கே நின்று, எதிரில் இருக்கிற யன்னல் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அவள் உயிரோடு இருந்தால் இப்போது என் வயதுதான் இருக்கும். நன்றாக முகத்தைப் பார்ப்பேன். பாஷை தெரியாது, ஆனாலும் ஏசினால் எனக்கு விளங்கும்.

அடுத்த திவசத்துக்கு மறுநாள் சுறாப் புட்டு அவித்து வைத்துவிட்டு, மதிலடியில் கதிரையைப் போட்டு இருந்து செனோவாக் கதையை முழுக்கச் சொல்லுவேன். என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுவேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. நீங்கள் ஒன்று செய்யவேண்டும். இரண்டு வாய் கொத்திவிட்டு அவசரமாகப் பறந்துவிடாதீர்கள். ஆறுதலாக இருந்து சாப்பிடுங்கள். கப்பல் நிற்கும்.

கொஞ்சம் சந்தேகத்தை இன்னும் மிச்சம் வைத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி