கேட்காமல் விட்ட ஏழாவது கேள்வி

உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தபோது உன் மருமகள் என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்துப் போனாள். "ஆன்ட்டி, க்ளவுஸ் போட்டுக்கட்டுமா? அத்தை முட்டியில செதில் செதிலா என்னமோ இருக்கு. ஒட்டிக்குமா?" என்று மெல்லக் கேட்டாள். பாவம், அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் நீ அவளுக்குக் காட்டியதில்லை. "ஒட்டாதும்மா, அது சோரியாசிஸ்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையால் உனக்குச் சோப்பு போட்டேன். மூன்று வாரமாகிறது. அந்தச் சொரசொரப்பு இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் நாம் அந்த வேலைக்குச் சேர்ந்தோம். வயது வந்தவர்களுக்கு என்னென்ன தோல் வியாதிகள் இருக்கின்றன என்று வீடு வீடாகக் கேட்டு எழுத, தாம்பரத்தில் ஒரு சின்ன மருத்துவ அறக்கட்டளை நம்மை எடுத்தது. எனக்கு இருபத்தாறு, உனக்கு இருபத்தெட்டு. தோளில் பை, பைக்குள் ஃபாரம், தொட்டு உணர்ச்சி பார்க்கக் கொஞ்சம் பஞ்சு. சேலையூரிலும் இரும்புலியூரிலும் நாம் ஏறாத படி இல்லை.

எந்த வீட்டிலும் முதல் பதில் ஒன்றுதான்: "எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா." நீ நகரமாட்டாய். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சேத்துப்புண்ணு கூட இல்லியாக்கா?" என்பாய். புடவைக்கடியிலிருந்து ஒரு பாதம் மெதுவாக வெளியே வரும். அதற்குப் பிறகு நிறுத்த முடியாது. இடுப்பில் படை, கழுத்தில் தேமல், பித்தவெடிப்பு, சிமெண்ட் பட்டு வெடித்த கை, வேனல் கட்டி. "தோலுன்னு ஒண்ணு இருந்தா ஏதாவது வரத்தான்டி செய்யும். வாயத் திறந்து சொல்லத்தான் மாட்டேங்கறாங்க" என்று பஸ் ஸ்டாப்பில் நின்று சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இடது தோளுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுத்திருந்தது. நிச்சயதார்த்தம் முடிந்த மறுமாதம் அதைப் பார்த்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு ஊசியால் குத்திப் பார்ப்பேன். ஒரு நாள் வலித்தது போலிருக்கும், மறுநாள் வலிக்காதது போலிருக்கும். பயத்தில் எது நிஜமென்றே தெரியாமல் போய்விட்டது.

ஃபாரத்தில் ஏழாவது கேள்வி தொழுநோய்க்காக: உடம்பில் வெளுத்த இடமோ உணர்ச்சி குறைந்த இடமோ உண்டா? அந்தக் கேள்வி வந்தாலே கண்ணைத் தாளில் வைத்துக்கொள்வேன். முதலில் அவசரமாகக் கேட்டேன். பிறகு கேட்பதையே விட்டுவிட்டு, நானாக 'இல்லை' என்று எழுதிக்கொண்டே போனேன். இரும்புலியூரில் ஒரு கொத்தனார் தானாகவே முழங்கையைத் திருப்பிக் காட்டினார். "இது இன்னான்னு தெரியலம்மா. வெளுத்துகினு கீது. ஆனா நோவு ஒண்ணும் இல்ல." நோவு இல்லை என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும், "வெயில்ல நிக்கறீங்க இல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு 'இல்லை' என்று எழுதினேன்.

மறுநாள் சாயங்காலம் உன் அறையில் என் ஃபாரங்களைப் புரட்டிக்கொண்டிருந்த நீ நிமிர்ந்தாய்.

"ஏழாவதுல எல்லாமே 'இல்லை'ன்னு இருக்கு. ஒரு தெரு முழுக்க ஒருத்தருக்குக்கூடவா தேமல் இல்ல?"

நான் ஃபாரங்களை உன் கையிலிருந்து வாங்கப் பார்த்தேன்.

"கேட்டியா, கேக்கலியா?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கினாய். இரண்டு முட்டியிலும் சிவப்பாக, வெள்ளைச் செதிலோடு திட்டுத் திட்டாக இருந்தது. "காலேஜ்லேருந்து இருக்கு. நீ மட்டும்தான் ஒளிச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சியா? திரும்பு, கண்ணை மூடு. தொட்டா சொல்லு" என்றாய்.

பஞ்சு பட்டது. "இப்ப" என்றேன். இன்னொரு முறை. "இப்ப."

"உணர்ச்சி இருக்குடி, பைத்தியமே." மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு வெறும் தேமல்தான் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பின் இதை என் கணவரிடம் சொன்னபோது, அவர் கூச்சத்தோடு தன் இடுப்புப் படையைக் காட்டினார்.

ஆனால் டாக்டர் சொல்லி எனக்கு நிம்மதி வந்த அந்த நிமிஷமே கொத்தனார் நினைவும் வந்தது. இரண்டு முறை போனோம், வீடு பூட்டியிருந்தது. மேடவாக்கத்தில் வேலை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தார். கண்ணை மூடச் சொல்லி, அவர் முழங்கையில் நீ பஞ்சை வைத்தாய். எடுத்தாய். மறுபடி வைத்தாய். அவர் கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

"இன்னும் தொடலியாம்மா?" என்று கேட்டார்.

நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "தொழுநோயா இருக்கலாம்ணா. ஆரம்பம்தான், மாத்திரையில சரியாப் போயிடும்" என்று சொல்ல உன்னால் முடிந்தது. என்னால் முடியவில்லை. மருந்து வாங்க அவரை ஒவ்வொரு மாதமும் நீயே கூட்டிப்போனாய். ஒரு வருடம் கழித்து, சாரத்தின் மேலிருந்து கரண்டியோடு நம்மைப் பார்த்துக் கையசைத்தார். விரல்கள் ஐந்தும் நேராக இருந்தன.

நான் 'இல்லை' என்று எழுதிய மற்ற வீடுகளுக்கெல்லாம் உன்னை இழுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். எல்லோரும் கிடைத்தார்கள், இரண்டு குடித்தனங்களைத் தவிர. வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. "விடுடி. போற எடத்துல யாராவது கேப்பாங்க" என்றாய்.

நீ இருந்தவரை, அந்த இரண்டு குடித்தனங்களை நினைத்துப் பயம் வரும்போதெல்லாம் உனக்குப் போன் பண்ணுவேன். நீயும் அலுக்காமல் அதையே சொல்வாய். இனி அதை நானேதான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லியும் பார்க்கிறேன். உன்னைப் போல் சொல்ல வரவில்லை.