இரண்டு சீப்புக் கம்பெனி

786

செங்கல்பட்டு
10-10-1976

கை எட்டுகிற தூரத்தில் இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன், அப்படிப்பட்ட என் பேரன்மார் பஷீருதீனுக்கும் சௌகத் அலிக்கும் நன்னியின் அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் அம்மா அமீனாவும் தங்கச்சி ஷாஜாதியும் உடம்பால் சுகம். மனசால் சுகம் இல்லை. காரணம் நீங்கள் இரண்டு பேரும்.

முதல் தாள், பஷீருக்கு

பஷீர், கவரைக் கவிழ்த்து உதறாதே. உனக்கு முதல் தாளும் மூன்றாம் தாளும்தான். மற்ற இரண்டும் சௌகத்தின் கவரில் போகிறது. ஒரே ஊரில் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, நோன்புப் பெருநாள் அன்றைக்குக்கூட ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லையாமே? தபாலாபீஸில் செங்கல்வராயன், "இன்னாம்மா, ஒரே ஊருக்கு எதுக்கு ரெண்டு கவரு? டப்பு தண்டமில்ல?" என்று கேட்டான். "என் பேரனுங்க ரெண்டு கம்பெனி ஆயிட்டானுங்கப்பா. ஆளுக்கு ஒண்ணு போட்டாத்தான் மரியாதை" என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

நீ அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்ததும் எழுதிய கடிதத்தில் "சிப்பு செய்கிற கம்பெனி" என்று இருந்தது. அவசரத்தில் சுழியை விட்டுவிட்டாய் என்று நானே சுழித்துப் படித்துக்கொண்டேன். அஞ்சாம் கிளாஸோடு நிறுத்தினவளாக இருந்தாலும் எழுத்துப் பிழை பொறுக்காதவள் நான். சீப்புக் கம்பெனியில் என் பேரன் இன்ஜினியர் என்று பஜார் முழுக்கச் சொன்னேன். பேன்சி ஸ்டோர்க்காரர், "ஏஜென்சி வாங்கிக் குடுங்கம்மா, அமெரிக்கா சீப்புன்னா காலேஜ் பசங்க பிச்சிக்கினு போவானுங்க" என்று வீட்டுக்கே வந்தார். பிறகு நீ அனுப்பிய டப்பாவைத் திறந்தால் கறுப்பாக, விரல் நீளத்துக்கு, இரண்டு பக்கமும் பல்லு. பேன் சீப்பேதான். உங்கள் அம்மா தலையில் வைத்து இழுத்தும் பார்த்தாள். ஞானதாஸ் வாத்தியார் வந்துதான், இது சீப்பு இல்லை, மிஷினுக்கு வைக்கிற மூளை, கணக்கெல்லாம் இதுதான் போடும் என்று விளக்கினார். அதற்கப்புறமும் நம் வீட்டில் அதற்குச் சீப்பு என்றுதான் பேர்.

தம்பியையும் உன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டேன் என்று நீ எழுதியபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. அவன் போன வருஷம், உங்களைவிட்டுப் பிரிந்துபோனவர்கள் ஆரம்பித்த கம்பெனிக்குப் போய்விட்டான். உடனே அவனைத் திருடன் என்று எழுதினாய். ஒரே தட்டில் சாப்பிட்ட தம்பியைத் திருடன் என்று எழுதிய அந்தக் கடிதத்தை நான்

இரண்டாம் தாள், சௌகத்துக்கு

(சௌகத், பாதியில் ஆரம்பிக்கிறதே என்று முழிக்காதே. தலைப்பக்கம் உன் அண்ணனிடம் இருக்கிறது. போய்க் கேட்டு வாங்கிப் படி.)

உங்கள் அம்மாவிடம் காட்டவில்லை. கிழித்து அடுப்பில் போட்டேன்.

நீ மட்டும் யோக்கியமா? எங்கள் சீப்பு அண்ணன் சீப்பு செய்கிற வேலையெல்லாம் செய்யும், அதற்கு மேலும் செய்யும் என்று எத்தனை கடிதத்தில் எழுதுவாய்? நீ அனுப்பியதையும் அவன் அனுப்பியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பல்லு எண்ணிக்கைகூட ஒன்றுதான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. "உள்ளாறதாம்மா வித்தியாசம்" என்றார் வாத்தியார். சீப்பைச் சொன்னாரா, உங்களைச் சொன்னாரா, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு கம்பெனிக்கும் சண்டை பெரிதாக ஆக, கம்பெனிப் பங்கு வாங்குகிறவர்கள் பணத்தோடு வாசலில் நிற்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். போட்டி இல்லாத தொழிலில் எவனும் பணம் போடமாட்டானாம். நிற்பார்கள்தான். திருப்போரூர் பக்கம் சேவல் சண்டைக் கூட்டத்தை பஸ்ஸிலிருந்து நானும் பார்த்திருக்கிறேன். மடியில் பணம் வைத்திருக்கிறவன் மேல் ஒரு கீறல் விழாது. இறகு பறப்பது சேவலுக்குத்தான்.

பங்கு வாங்குவது மார்க்கத்தில் ஆகுமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "லாபத்துலயும் நஷ்டத்துலயும் கூட்டுன்னா அது வியாபாரம், ஆகும்" என்றார். "அடுத்தவன் கெட்டாத்தான் நமக்கு லாபம்னு காத்துக்கினு இருந்தா?" என்றேன். அந்த அடுத்தவன் யார் என்று கேட்டார். சொந்த அண்ணன் என்றேன். தாடியைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

போட்டியே கூடாது என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை. மகாபலிபுரம் போகிற இரண்டு பஸ் முதலாளிகள் போட்டி போட்டு டிக்கெட்டைக் குறைத்தபோது நானும்தான் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தேன். ஆனால் அந்த முதலாளிகள் என் மகள் வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. அந்த பஸ்ஸில் ஷாஜாதியின் கல்யாணமும் ஏறியிருக்கவில்லை.

அதுதான் என் வயிற்றெரிச்சல். உங்கள் அத்தா மவுத்தான அன்றைக்கு, தங்கச்சி கல்யாணம் ஆளுக்குப் பாதி என்று என் முன்னால் ஒப்புக்கொண்டீர்கள். சேர்த்தும் வைத்தீர்கள். பிறகு பஷீர் அவன் பாதியைக் கொண்டுபோய்த் தன் கம்பெனிப் பங்கில் போட்டான். நீ உன் பாதியை உன் கம்பெனிப் பங்கில் போட்டாய். விலையைக் குறைத்து அவர்களைப் படுக்கவைக்கப் போகிறோம், பங்கு ஏறியதும் விற்று அனுப்புகிறேன் என்று அவன் எழுதுகிறான். அவர்கள் சரக்கு பழசு, இனி எவனும் தொடமாட்டான், எங்கள் பங்கு ஏறியதும் விற்று அனுப்புகிறேன் என்று நீ எழுதுகிறாய். அவன் ஜெயித்தால் உன் பாதி போச்சு. நீ ஜெயித்தால் அவன் பாதி போச்சு. எப்படிப் பார்த்தாலும் பாதிக் கல்யாணம்தான். மாப்பிள்ளை வருவார், பிரியாணி வராது. வேடிக்கைக்காக எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமை சம்பந்தி சுலைமான்

மூன்றாம் தாள், பஷீருக்கு

சதுரங்கப்பட்டினத்திலிருந்து நேரிலேயே வந்துவிட்டார். மாப்பிள்ளை கல்பாக்கத்தில் பிட்டர், குனிந்த தலை நிமிராத பையன். அப்பாதான் அப்படி இல்லை. சவுக்குக் கட்டை வியாபாரம், பேச்சும் கட்டை மாதிரி. "இன்னா மாமி, ரெண்டு பேரனும் அமெரிக்காவுல கீறானுங்க, ஒரு தேதி வைக்க இத்தினி பேஜாரா? ஹஜ்ஜுப் பெருநா தாண்டி முஹர்ரம் பொறக்கறதுக்குள்ள முடிங்க. இல்லாங்காட்டி என் பையனுக்குப் பொண்ணு குடுக்க வேற வூடும் கீது" என்றார். "என் பேரனுங்க சீப்பு இல்லாம அமெரிக்காவே தலை வார முடியாது சம்பந்தி, கொஞ்சம் பொறுங்க" என்று நிமிர்ந்துதான் பதில் சொன்னேன். அவர் தெரு தாண்டும் வரைக்கும் நிமிர்ந்துதான் இருந்தேன்.

பணமாவது எங்கேயாவது புரட்டலாம். சம்மதத்தை எங்கே போய்ப் புரட்டுவது? அத்தா இல்லாத பெண்ணுக்குக் கூடப் பிறந்தவன்தான் பொறுப்பில் நின்று சம்மதம் கொடுக்க வேண்டும். வர முடியாவிட்டால் உங்கள் சார்பில் ஒருவரை நியமித்து எழுதச் சொன்னார் ஹஜ்ரத். நீ அம்மா கூடப் பிறந்த மாமுவை நியமித்து எழுதினாய். சௌகத் அத்தா கூடப் பிறந்த சாச்சாவை நியமித்து எழுதினான். அடியில், அண்ணன் சொல்கிற ஆள் கூடாது என்று ஒரு வரி வேறு. ஹஜ்ரத் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னா பீவிம்மா, பொண்ணு ஒண்ணு, சம்மதம் ரெண்டு. எத்த வெச்சி நான் நிக்காஹ் ஓதறது?" என்கிறார். விஷயம் வெளியே தெரிந்து மாமுவும் சாச்சாவும் முறைத்துக்கொண்டார்கள். ஜும்ஆ தொழுகையில் ஒருவர் முன் வரிசை என்றால் மற்றவர் கடைசி வரிசையாம். அமெரிக்காவில் ஆரம்பித்த சண்டைக்குச் செங்கல்பட்டில் கிளை திறந்தாகிவிட்டது.

ஷாஜாதியிடம் இதையெல்லாம் மறைத்துத்தான் வைத்திருந்தேன். எப்படியோ தெரிந்துகொண்டாள். "எந்தக் கம்பெனி ஜெயிக்குதோ அதையே கட்டிக்கறேன் நன்னி, மாப்ள எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். உங்கள் சீப்பு இரண்டையும் எதிரெதிராக வைத்து உள்ளங்கையில் அழுத்திக்கொண்டிருந்தாள். பல்லோடு பல்லு கோத்துக்கொண்டுவிட்டது. நான் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இன்னும் இழுத்தால் இரண்டுக்குமே பல்லு போய்விடும் என்று அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். இனி கெஞ்சப் போவதில்லை. முடிவாகச் சொல்கிறேன், நீங்கள் இரண்டு பேரும்

நான்காம் தாள், சௌகத்துக்கு

கல்யாணத்துக்கு என்று சேர்த்த பணத்தில் வாங்கிய பங்கை மாற்றிக்கொள்ள வேண்டும். உன்னுடையதை அண்ணன் பேருக்கு எழுது. அவனுடையதை உன் பேருக்கு எழுதட்டும். அதற்குப் பிறகு, அவன் கம்பெனி கவிழட்டும் என்று நீ எப்படி ஆசைப்படுகிறாய் என்று பார்க்கிறேன். சட்டம் விடாது, கம்பெனி விடாது என்று பதில் எழுதாதே. விடாவிட்டால் உங்களுக்குள் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடல் தாண்டிப் போய் மூளை செய்கிறவர்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியாதா?

பங்கு ஏறட்டும், இறங்கட்டும், இப்போது எதையும் விற்க வேண்டாம். செலவுக்கு என் காப்பு இருக்கிறது. தியாகம் என்று நினைத்து உருகாதீர்கள். ஒரு காலத்தில் சோப்புப் போட்டால்தான் கழலும். இப்போது கையைத் தொங்கவிட்டால் தானாகவே விழுகிறது.

எனக்கு வேண்டியது ஒரு தாள். அதில் ஒரு ஆள் பெயர் இருக்கட்டும், மாமுவோ சாச்சாவோ, யாராக இருந்தாலும் சரி. அடியில் இரண்டு கையெழுத்து. இரண்டும் ஒரே பேனாவில் போட்டிருக்க வேண்டும். மை நிறத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும், ஏமாற்ற முடியாது. அது என் கைக்கு வந்தால்தான் சம்பந்திக்குத் தேதி. வராவிட்டால் தேதி இல்லை, பழி உங்கள் தலையில்.

இந்த நாலு தாளையும் யார் வீட்டில் சேர்த்து வைத்துப் படித்தீர்கள் என்று எழுதுங்கள். அந்த வீட்டில் நாஸ்தாவுக்கு என்ன செய்தார்கள், மற்றவன் சாப்பிட்டானா என்பதையும் எழுதுங்கள். ஒன்றையொன்று தின்றுவிடாமல் இரண்டு கம்பெனியும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன். வியாபாரத்தில் அப்படிக் கேட்கலாமா என்று ஹஜ்ரத்திடம் கேட்கவில்லை. கேட்டால் தாடியைத் தடவுவார்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் இருக்கிற ஒரே நன்னி,
சுல்தான் பீவி