இரண்டு மர்டோக்கள்

நெஸ், லூயிஸ் தீவு
திங்கட்கிழமை காலை

அன்பு மகள் பெக்கிக்கு, நானும் நாயும் சுகம், கூரையும் காற்றுக்குத் தப்பி இன்னும் வீட்டின் மேலேயே இருக்கிறது. நீயும் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். போன வாரம் போனில், பிரசவ சமயத்தில் மாப்பிள்ளை கிரெய்க் மீன்பிடிக் கப்பலில் இருப்பான், ஆஸ்பத்திரித் தாளில் துணைக்கு இருப்பவர் பெயர் எழுத ஆளில்லை, "இந்த டனீடன்ல எனக்குன்னு யாருப்பா இருக்கா" என்று அழுதாயே, அன்றிலிருந்து உருளைக்கிழங்குகூட என் தொண்டையில் இறங்கவில்லை. போனில் சொன்னால் உளறிவிடுவேன் என்றுதான் ஒற்றை விரலால் கணினியில் இந்த மின்னஞ்சலைத் தட்டுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

என் தாத்தா ஃபின்லேயின் அண்ணன் மர்டோ கடலில் மூழ்கிப்போனான் என்று நம் வம்சத்தாளில் சிவப்புக் கோடு போட்டிருந்தேன் அல்லவா? 1881 கணக்கெடுப்பில் அதே வீட்டில் மர்டோ வயது ஒன்பது, மர்டோ வயது ஆறு என்று இருந்தது. எழுதியவன் குடிபோதையில் இரண்டு முறை எழுதிவிட்டான் என்று ஒன்றை அடித்துவிட்டு ஆறு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். புதனன்று பக்கத்து வீட்டு கேட்டி ஆனிடம் இதை வேடிக்கையாகச் சொன்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "மூத்தவனுக்கு அப்பாவோட அப்பா பேரு, அடுத்தவனுக்கு அம்மாவோட அப்பா பேரு. ரெண்டு தாத்தாவும் மர்டோன்னா என்ன பண்ணுவாங்க? ஒரு கெழவன் கோவிச்சுக்கட்டும்னு விட்ருவாங்களா? ஒருத்தன் பெரிய மர்டோ, ஒருத்தன் சின்ன மர்டோ. எங்க வீட்லயே ரெண்டு டோனல்டு இருந்தாங்களேடா மடையா!" என்றாள். இந்த ஊரில் பிறந்து எழுபத்து நான்கு வயதாகியும் என் புத்தி அந்தப் பக்கம் போகவில்லை பார்.

அன்றிரவே பழைய பதிவேடுகளையும் கப்பல் பயணிகள் பட்டியல்களையும் துழாவினேன்: மூழ்கியது பெரிய மர்டோ. சின்ன மர்டோ கப்பலேறி உலகத்தின் மறுகோடிக்குப் போய் இறங்கிய இடம் எது தெரியுமா, உன் டனீடன்! அங்கே பூர்வீகம் தேடும் சங்கத்துக்கு எழுதினேன். சனிக்கிழமை பதில் வந்தது, சின்ன மர்டோவின் பேத்தி ஜெசி மக்ரிச்சி, எழுபத்தொரு வயது, மோஸ்கீலில் இருக்கிறாளாம், கூடவே போன் நம்பர். மறுநாள் ஞாயிறு, ஓய்வுநாள் ஆயிற்றே, நம் ஊரில் போனைத் தொடக்கூடாதே, நாள் முழுக்கப் போனைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், தேவாலயத்தில் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. இன்று விடிந்ததும் கூப்பிட்டேன். "லூயிஸ்ல எங்க ஆளு ஒருத்தன் இன்னும் உசிரோட இருக்கானா!" என்று அவள் கத்திய கத்தலில் நாய் எழுந்து ஓடியது. இருவரும் அழுதோம், சொல்வதில் வெட்கமில்லை. பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன், என் மகளுக்கு அங்கே யாருமில்லை என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருமில்லையா? இருபது நிமிஷத் தூரத்துல நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள்.

புதன்கிழமை உன் வீட்டுக்கு வருகிறாள். வாசலில் என் மூக்கோடு ஒரு பெண் நின்றால் பயப்படாதே. வயதுக்கு மரியாதை கொடு, ஆனால் அவள் சுடும் கேக்கை எல்லாம் தின்னாதே, டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. நான் சிவப்புக் கோட்டை அழித்துவிட்டேன், தாள் ஓட்டையாகிவிட்டது, போகட்டும்.

ஆண்டவர் உன்னையும் குழந்தையையும் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும். ஒன்று மறக்காதே, ஆஸ்பத்திரித் தாளில் நீ காலியாக விட்ட இடத்தில் எழுது: ஜெசி மக்ரிச்சி, அத்தை.

உன் அப்பா,
ருவாரி